படம் பார்த்து தரை போடாதீர்!

சின்னதாக ஆபீஸ் திறக்கிறவர்கள் முதல் காசை வீணாக்கும் இடம் தரை. ஆடிட்டர் ஆபீஸ், டிராவல்ஸ், டியூஷன் சென்டர் எல்லா இடத்திலும் இதே கதைதான். இன்டீரியர்காரர் செல்போனில் ஒரு படம் காட்டுவார். மர நிறத்தில் பளபளவென்று லேமினேட், இல்லாவிட்டால் சுவருக்குச் சுவர் கார்ப்பெட். "மூணே நாள்ல முடிச்சுடலாம் சார், சும்மா ஃபாரின் லுக்!" என்பார். முதலாளி தலையாட்டிவிடுவார். அடியில் என்ன இருக்கிறது என்று ரெண்டு பேருமே கேட்பதில்லை.

அடியில் இருப்பது கான்கிரீட். பார்க்கத்தான் கல் மாதிரி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரமாயிரம். தண்ணீர் ஊற்றிக் கலந்த பொருள் அது, அந்தத் தண்ணீர் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். தரைத்தளமாக இருந்தால் மண்ணிலிருந்தும் ஈரம் மேலே ஏறும். இதற்குத்தான் நம் ஊரில் "ஓதம்" என்று அழகான ஒரு சொல் இருக்கிறது. கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பாலித்தீன் ஷீட் விரித்திருந்தால் ஓதம் ஏறாது. ஆனால் பழைய கட்டடங்கள் பலவற்றில் அது கிடையாது. அங்கே தளம் 20 வருடம் பழசாக இருந்தாலும் ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

புதுக் கட்டடத்தில் இன்னொரு டயலாக் கேட்கும்: "கான்கிரீட் போட்டு 28 நாள் ஆச்சு சார், இனி கவலையில்லை." தப்பு! 28 நாள் என்பது கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்க வைத்த கெடு. காய்ந்துவிட்டது என்பதற்கான சர்டிபிகேட் அல்ல. ஓர் அங்குல கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது தரைத் தொழிலில் புழங்கும் கணக்கு. 4 அங்குல தளத்துக்கு 4 மாதம். ஐப்பசி, கார்த்திகை குறுக்கே வந்தால் இன்னும் இழுக்கும்.

ஈரமான தளத்தின் மேல் படத்தில் பார்த்ததைப் போட்டால் என்ன ஆகும்?

1. லேமினேட்: மேலே மரப் படம், உள்ளே அழுத்திய மரத்தூள் பலகை. ஈரம் பட்டால் ஓரங்கள் உப்பும். ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

2. வினைல்: "வாட்டர்ப்ரூஃப் சார்" என்பார்கள். உண்மைதான். வில்லங்கமே அதில்தான். மேலிருந்து இறங்காத தண்ணீர் கீழிருந்தும் வெளியேற முடியாது. மேலே வரும் ஈரம் கான்கிரீட்டின் காரத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து பசையைக் கெடுக்கும். ஷீட் அங்கங்கே கொப்புளம் விடும்.

3. கார்ப்பெட்: ஓதம் ஏறினால் பூஞ்சை, பூஞ்சை வந்தால் நாற்றம். மூடிய ஏசி அறையில் நாள் முழுக்க அதைச் சுவாசிப்பவர் முதலாளி மட்டும் அல்ல.

இவ்வளவையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஆகும் செலவு? ஒரு பிளாஸ்டிக் ஷீட், கொஞ்சம் டேப். ஒன்றரை அடி சதுரமாக ஷீட்டை வெட்டி, வெறும் கான்கிரீட்டின் மேல் நாலு பக்கமும் காற்று புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது உள்பக்கம் முத்து முத்தாய் நீர் இருந்தாலோ, கான்கிரீட் கருத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் மட்டும் முழுக்க நம்பிவிடக் கூடாது. தளத்தில் துளையிட்டு உள்ளே இருக்கும் ஈரப்பதத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. வினைல் போல ஒட்டும் தரைகளுக்கு அது 75 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. லட்ச ரூபாய்க்கு கொட்டேஷன் போடுகிறவர் இதைச் செய்யாமல் வேலையைத் தொடங்கினால், அவர் தன் பணத்தில் விளையாடவில்லை என்பது மட்டும் நிச்சயம் :-)

இப்போது காமர்ஸ் கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும், எனவே இது உதாரணத்துக்கு மட்டும். 600 சதுர அடி ஆபீஸ். லேமினேட் 120 ரூபாய் என்றால் 72,000. நல்ல டைல்ஸ் 150 என்றால் 90,000. ஆஹா, 18,000 மிச்சம்! லேமினேட் 4 வருடத்தில் உப்பிவிட்டால் வருடத்துக்கு 18,000 செலவு. டைல்ஸ் 20 வருடம் கிடந்தால் வருடத்துக்கு 4,500. பெயர்க்கும் கூலியும், ஆபீஸை மூடிவைத்த நாட்களின் நஷ்டமும் இதில் சேரவே இல்லை. முதல் வருடச் செலவைப் பார்த்து மிஷின் வாங்கினால் முட்டாள்தனம் என்று பி.காம். முதல் செமஸ்டரிலேயே சொல்லித் தருகிறார்கள். தரைக்கு மட்டும் அந்தப் பாடம் ஏன் செல்லாது?

சென்னைக்காரர்களுக்குக் கணக்கு கூடத் தேவையில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளங்களில் வெள்ளம் புகுந்தது. கல்லும் டைல்ஸும் என்றால் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி உட்காரலாம். வெள்ளத்தில் ஊறிய கார்ப்பெட்டும் லேமினேட்டும் குப்பை லாரிக்குத்தான்.

"கார்ப்பெட் போட்டால் சத்தம் குறையுமே?" குறையும். பத்து பேர் ஒரே நேரத்தில் போனில் பேசும் ஆபீஸ், மாடியில், காய்ந்த தளத்தில் இருந்தால் தாராளமாகப் போடலாம். லேமினேட்டும் அப்படியே. சண்டை அந்தப் பொருள்களோடு இல்லை, இடம் பார்க்காமல் போடுவதோடுதான்.

டைல்ஸ் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. விட்ரிஃபைட் டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, நல்லது. ஆனால் கண்ணாடி போல பாலிஷ் செய்தது மழை நாளில் வழுக்கும். வழுக்கி விழுவது ஏசி கேபினில் இருப்பவர் அல்ல. டீ தட்டோடு வரும் பையன், குனிந்து மாப்பு போடும் அக்கா, பென்ஷன் பேப்பரோடு வரும் பெரியவர். மேட் ஃபினிஷ் எடுத்தால் போட்டோவில் கொஞ்சம் டல்லாகத் தெரியும், அவ்வளவுதான். ஒட்டும்போது நாலு மூலையில் கலவை உருண்டை வைத்து அமுக்கினால் நடுவே பொள்ளலாக நிற்கும், பீரோ வைத்தால் விரியும். அடி முழுக்கக் கலவை பரவ வேண்டும். இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டினால் ஒருநாள் டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பும்.

கடைசியாக, எந்த இன்டீரியர்காரரும் சொல்லாத யோசனை ஒன்று. வாடகைக்கு எடுத்த கட்டடத்தில் ஏற்கனவே மொசைக் தரையோ கடப்பாக்கல்லோ இருந்தால், அதை மிஷின் வைத்துத் தேய்த்து பாலிஷ் போட்டாலே பல ஆபீஸ்களுக்குப் போதும். 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் வீட்டுக்காரருக்குப் புதுத் தரை சீதனம் கொடுக்க என்ன அவசியம்? பழசு என்பதாலேயே அது மட்டம் ஆகிவிடாது. இத்தனை வருட ஓதத்தையும் தாங்கிக்கொண்டு கிடப்பதே அந்தத் தரையின் சர்டிபிகேட்.

ஆக, அடுத்தமுறை யாராவது செல்போனை நீட்டி "ஃபாரின் லுக் சார்" என்றால், திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "தளத்தில் ஈரம் பார்த்தாச்சா?" பதில் வராவிட்டால் அட்வான்ஸும் போக வேண்டாம்.