ரூமைக் காலி பண்ணச் சொன்னா பெட்டியைக் கட்டுமா உங்க புரோகிராம்?

புராஜெக்ட் சீசன் வந்தாலே ஹாஸ்டலில் யாராவது ஒருத்தர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவாங்க இல்லையா? அப்படி ஒரு ஜூனியர் காலை ஒன்பது மணிக்கு என் ரூம் கதவைத் தட்டினான்.

"அண்ணே, ராத்திரி பூரா ஓடினது எல்லாம் போச்சுண்ணே!"

இலை போட்டோவைப் பார்த்து செடிக்கு என்ன நோய்னு சொல்லும் புராஜெக்ட் அவனோடது. பைதானில் எழுதியிருந்தான். ஒவ்வொரு போட்டோவா அலசி, ரிசல்ட்டை மெமரியில் சேர்த்துக்கிட்டே போகும். கடைசியில் மொத்தமா ஒரு ஃபைலில் எழுதும். லேப் மெஷினில் ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கப் போயிட்டான். காலையில் "மெஷினை ஆஃப் பண்ணப் போறோம்"னு தகவல் வந்ததும் லாகின் பண்ணி, 'கில்' கமாண்டும் பிராசஸ் நம்பரும் அடிச்சிருக்கான். புரோகிராம் நின்னுடுச்சு. ரிசல்ட் ஃபைலைத் தேடினா... காணோம்!

"தம்பி, நடுவுல நிறுத்தினா சேவ் பண்ண ஏற்பாடு ஏதும் செய்யலையா?"

"ஃபைனலி பிளாக் போட்டிருந்தேண்ணே. கண்ட்ரோல்-சி அடிச்சு டெஸ்ட் கூட பண்ணினேன். அப்போ சேவ் ஆச்சே!"

பையன் சொன்னது ரெண்டுமே உண்மை. மேட்டரே அங்கேதான் இருக்கு.

லினக்ஸில் ஓடிக்கிட்டிருக்கும் ஒரு புரோகிராமுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் அனுப்பும் குட்டித் தகவலுக்குப் பேர்தான் சிக்னல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஹாஸ்டல் கணக்கிலேயே சொல்றேன். கண்ட்ரோல்-சி அடிச்சா போறது சிக்இன்ட், நம்பர் 2. ரூம்மேட் தோளைத் தட்டி "போதும்டா, நிறுத்து"ன்னு சொல்ற மாதிரி. வெறும் கில் அடிச்சா போறது சிக்டெர்ம், நம்பர் 15. வார்டன் கதவைத் தட்டி "தம்பி, ரூமைக் காலி பண்ணு"ன்னு மரியாதையா சொல்றது. கில் மைனஸ் 9 அடிச்சா சிக்கில். கதவை உடைச்சு, ஆளைத் தூக்கி வெளியே போடுறது. பெட்டி, படுக்கை எதையும் எடுக்க முடியாது. இந்த 9-ஐ எந்தப் புரோகிராமாலும் தடுக்கவோ பிடிக்கவோ முடியாது.

சரி, நம்ம தம்பி அனுப்பினது மரியாதையான 15 தானே? அப்புறம் ஏன் போச்சு?

பைதான் ஆரம்பிக்கும்போதே சிக்இன்ட்டுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செஞ்சு வெச்சிடும். அந்தச் சிக்னல் வந்தா 'கீபோர்டு இன்டரப்ட்' என்ற எக்ஸெப்ஷனா மாத்திக் கொடுக்கும். எக்ஸெப்ஷன் வந்தா ஃபைனலி ஓடும், ஃபைல் சேவ் ஆகும். சிக்டெர்முக்கு அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. நீங்களா ஒண்ணும் செய்யலைன்னா, ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்த இடத்திலேயே புரோகிராமை முடிச்சிடும். ஃபைனலி ஓடாது. வெளியே போகும்போது ஓடணும்னு 'அட்எக்ஸிட்'டில் பதிவு செஞ்ச ஃபங்ஷனும் ஓடாது. வார்டன் தட்டினார்... உள்ளே பதில் சொல்ல ஆளே இல்லை!

அந்த ஆளை உட்கார வைக்கிறது ரொம்ப ஈஸி. 'சிக்னல்' என்ற மாட்யூலை இம்போர்ட் பண்ணுங்க. அதுக்குள்ளே இருக்கும் 'சிக்னல்' ஃபங்ஷனிடம், சிக்டெர்ம் வந்தா எந்த ஃபங்ஷனைக் கூப்பிடணும்னு சொல்லிடுங்க. அந்த ஃபங்ஷனுக்குப் பேர் ஹேண்ட்லர். அதுக்கு ரெண்டு ஆர்க்யுமென்ட் வரும்: சிக்னல் நம்பர், அப்போ ஓடிக்கிட்டிருந்த இடத்தைக் காட்டும் ஃபிரேம். இந்த ரெண்டையும் வாங்கிக்க மறந்தீங்கன்னா எழுதும்போது எர்ரர் வராது, சிக்னல் வந்த பிறகுதான் வரும். அதாவது, சரியா கழுத்தறுக்கிற நேரத்தில்!

ஹேண்ட்லருக்குள்ளே என்ன எழுதணும்? முடிஞ்சவரை கம்மியா எழுதுங்க. 'நிறுத்தணும்' என்ற ஒரு மாறியை ட்ரூ ஆக்குங்க, போதும். மெயின் லூப் ஒவ்வொரு போட்டோ முடிஞ்சதும் அந்த மாறியைப் பார்க்கட்டும். ட்ரூன்னா ரிசல்ட்டை எழுதிட்டு அழகா வெளியே வரட்டும். ஹேண்ட்லருக்குள்ளேயே ஃபைல் எழுதறேன்னு கிளம்பினா, லூப் பாதி வேலையில் இருக்கும்போது குறுக்கே புகுந்து குட்டையைக் குழப்பின மாதிரி ஆயிடும்.

இன்னும் மூணு விஷயம், நோட் பண்ணிக்கோங்க.

ஒண்ணு, ஹேண்ட்லரை மெயின் த்ரெட்டில் இருந்துதான் பதிவு பண்ண முடியும். அது ஓடுறதும் மெயின் த்ரெட்டில்தான். வேற த்ரெட்டில் பதிவு பண்ணினா எர்ரர் வரும்.

ரெண்டு, 3.5-க்கு (2015) அப்புறம் வந்த பைதானில், ஸ்லீப்பில் இருக்கும்போது சிக்னல் வந்தா ஹேண்ட்லர் ஓடும். அது எக்ஸெப்ஷன் எதுவும் எழுப்பலைன்னா மிச்சத் தூக்கம் தொடரும். 60 செகண்ட் ஸ்லீப் போட்டிருந்தா உங்க மாறியைப் பார்க்கவும் அவ்வளவு நேரம் ஆகலாம். அதனால ஒரே நீளத் தூக்கத்தைச் சின்னச் சின்னதா பிரிச்சு வைங்க.

மூணு, இதெல்லாம் லினக்ஸ், மேக் சமாச்சாரம். விண்டோஸில் வேற பிராசஸுக்கு சிக்டெர்ம் அனுப்பினா அது நேரா முடிச்சு வைக்கும், ஹேண்ட்லர் ஓடாது.

"புராஜெக்ட் முடிஞ்சா இது எதுக்கு பாஸ்?"னு கேட்கிறீங்களா? வேலைக்குப் போனா இதுதான் தினசரி சோறு. டாக்கரில் ஸ்டாப் கொடுத்தா வழக்கமா முதலில் சிக்டெர்ம் போகும். லினக்ஸ் கன்டெய்னரில் 10 செகண்டுக்குள்ளே முடிக்கலைன்னா சிக்கில். குபர்னெட்டிஸில் அந்த அவகாசம் 30 செகண்ட். ரெண்டையும் நாம மாத்திக்கலாம். ஆனா கொடுத்த நேரத்துக்குள்ளே பெட்டியைக் கட்டத் தெரியாத புரோகிராம், யாரோ ஒருத்தரோட ஆர்டரையோ பேமென்டையோ பாதியில் விட்டுட்டுப் போயிடும்.

தம்பியோட புரோகிராமில் அன்னைக்கே ஹேண்ட்லர் போட்டோம். கூடவே இன்னொண்ணும் செஞ்சோம். ஐம்பது போட்டோவுக்கு ஒரு தடவை ரிசல்ட்டை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, எழுதி முடிச்ச பிறகு பேரை மாத்தி பழைய ஃபைல் இருந்த இடத்தில் வைக்கிற ஏற்பாடு. ஏன்னா, 9-ஐயும் கரன்ட் கட்டையும் எந்த ஹேண்ட்லராலும் பிடிக்க முடியாது. அடுத்த ராத்திரி மறுபடி ஓட விட்டான். இந்தத் தடவை நடுவில் வேணும்னே ஒரு கில் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் தூங்கப் போனான். பார்ட்டி தேறிடுச்சு!

இந்த வார ஹோம்வொர்க்: உங்க புராஜெக்டை ஓட விட்டு, கண்ட்ரோல்-சி அடிச்சு ஒரு தடவை, வெறும் கில் அடிச்சு ஒரு தடவை, கில் மைனஸ் 9 அடிச்சு ஒரு தடவை நிறுத்திப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் ஃபைலில் என்ன மிச்சம் இருக்குன்னு எண்ணுங்க. வைவாவுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா நல்லது. வரட்டா!