மாலை போட ஒரு முகம் வேண்டும்

பெரியப்பா இறந்த அன்று மதியம் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான். "நீதான் ஊரெல்லாம் போட்டோ எடுக்கிறியே, அண்ணன் நல்லா இருக்கிற மாதிரி ஒரு படம் குடுடா. பெருசு பண்ணி மாலை போடணும்."

என்னிடம் படம் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 14 மாலை, எங்கள் தெருவிலிருந்து கிளம்பிய ஊர்வலத்தில் முன்வரிசையில் நீலக்கொடி பிடித்து நடந்தவர் அவர். பத்துப் பதினைந்து படம் எடுத்திருந்தேன். லேப்டாப்பைத் திறந்தேன். வெள்ளைச் சட்டை இருக்கிறது. கொடிக்கம்பு இருக்கிறது. பின்னால் டியூப் லைட் கட்டிய வண்டி மின்னுகிறது. சட்டைக் காலருக்கு மேலே ஒரு கருந்திட்டு, அதில் இரண்டு கண்கள். அவ்வளவுதான் என் பெரியப்பா.

கேமரா பழுதாகவில்லை. அது நான் சொன்னதைத்தான் செய்தது. ஃபியூஜிஃபிலிம் கேமராவில் 'கிளாசிக் குரோம்' என்ற நிற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு 'ரெசிப்பி'யைப் பார்த்து நிழலை இரண்டு புள்ளி அழுத்தமாக்கி, வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தேன். பழைய கோடாக்குரோம் ஃபிலிமில் எடுத்த மாதிரி வரும் என்று அந்த ரெசிப்பி சொன்னது. அப்படியே வந்தது. இன்ஸ்டாகிராமில் போட்டபோது நண்பர்கள் 'செம மூட்' என்றார்கள். மெமரி கார்டில் இடம் போதாதென்று ரா ஃபைலை அணைத்துவிட்டு ஜேபெக் மட்டும் எடுத்திருந்தேன். அதில் நிழலைத் தூக்கினால் முகம் வரவில்லை, புள்ளி புள்ளியாக அழுக்குதான் வந்தது. கடைசியில் வாக்காளர் அட்டையிலிருந்த படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாருடைய அழகுக்காக என் பெரியப்பாவின் முகத்தை இருட்டில் தள்ளினேன்?

தோழர்களே, கேமராவுக்குள் இருக்கும் இந்த ஃபிலிம் மெனுவை நாம் ரசனை சார்ந்த விஷயம் என்று நினைக்கிறோம். பிரோவியா, வெல்வியா, அஸ்டியா என்று அதில் இருப்பவை ஒரு காலத்தில் கடையில் விற்ற ஃபிலிம்களின் பெயர்கள். கிளாசிக் குரோம் 2014இல் வந்தது. கருப்பு வெள்ளைக்கான அக்ராஸ் 2016இலும், கிளாசிக் நெகட்டிவ் 2019இலும், நாஸ்டால்ஜிக் நெகட்டிவ் 2021இலும் வந்தன. 2024இல் வந்த எக்ஸ்-டி50இல் இதற்கென்றே கேமராவின் தலையில் தனி டயல் வைத்துவிட்டார்கள். விரலால் ஒரு திருகு திருகினால் காலம் மாறிவிடும். ஆனால் அது யாருடைய காலம் என்று நாம் கேட்டதில்லை.

ஃபிலிம் காலத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1950களில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனம், கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பத் தொடங்கியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அந்த நிறுவனத்தில் வேலை செய்த ஷெர்லி என்ற பெண்தான் முதலில் நின்றவர். பிறகு யார் நின்றாலும் அட்டையின் பெயர் 'ஷெர்லி கார்டு' என்றே நிலைத்துவிட்டது. அந்த முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. உலகத்தில் எந்த முகத்தைப் படம் எடுத்தாலும் அதன் நிறத்துக்கு நீதிபதி ஷெர்லிதான்.

விளைவு என்ன? வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் ஒன்றாக நின்ற பள்ளிப் படங்களில் கறுப்புக் குழந்தைகளின் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. பெற்றோர்கள் குறை சொன்னார்கள். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தோண்டி எழுதியிருக்கிறார். கோடாக்கை அசைத்தது அந்தப் பெற்றோரின் குரல் மட்டுமல்ல என்பதுதான் அதில் கசப்பான செய்தி. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும், தங்கள் சரக்கின் பழுப்பு நிற வேறுபாடுகள் விளம்பரப் படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்தன. டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றதும் ஆராய்ச்சி வேகம் பிடித்தது. பல இனப் பெண்களும் சேர்ந்து நிற்கும் அட்டை 1990களில்தான் வந்தது. மொசாம்பிக் அரசின் அழைப்பில் 1970களின் இறுதியில் அங்கே போன பிரெஞ்சு இயக்குநர் கோதார், கோடாக்குரோம் ஃபிலிமே இனவெறி பிடித்தது என்று சொல்லி அதைப் பயன்படுத்த மறுத்தார் என்பது பரவலாகப் பேசப்பட்ட செய்தி.

'கோடாக் செய்ததற்கு ஃபியூஜி என்ன செய்யும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஃபியூஜியின் மெனுவை எழுதிய பொறியாளர்கள் இனவெறியர்கள் என்று நான் சொல்லவில்லை. அதே மெனுவில் தோலுக்கு இதமான அமைப்புகளும் இருக்கின்றன. என் சண்டை நம்மோடுதான். அந்த மெனுவில் நாம் எதைத் தேடிப் போகிறோம், எதற்கு 'கிளாசிக்' என்று கைதட்டுகிறோம் என்பதோடுதான்.

பழைய ஸ்லைடு ஃபிலிமுக்கு ஒரு குறை இருந்தது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையில் அதனால் பிடிக்க முடிந்த தூரம் மிகக் குறைவு. வெள்ளைச் சட்டையைக் காப்பாற்றினால் கறுத்த முகம் போய்விடும். முகத்தைக் காப்பாற்றினால் சட்டை வெளுத்துவிடும். வேதியியலின் எல்லை அது. இன்றைய சென்சாருக்கு அந்த எல்லை இல்லை. என் பெரியப்பாவின் கன்னத்து மேடு, நெற்றிச் சுருக்கம், நரைத்த மீசை எல்லாம் அன்று சென்சாரில் விழுந்திருக்கும். விழுந்ததை எடுத்துக் குப்பையில் போட்டது நான் தேர்ந்தெடுத்த 'லுக்'. அன்றைய ஃபிலிம் முடியாமல் செய்ததை, இன்று நாம் முடிந்தும் செய்கிறோம். அதற்குக் கலை என்று பெயரும் வைக்கிறோம்.

கொடியையும் சொல்ல வேண்டும். கிளாசிக் குரோம் நிறங்களை அடக்கி வாசிக்கும், குறிப்பாக நீலத்தை. ஊர்வலப் படங்களைப் பார்த்த அன்றே அத்தை சொன்னார்: "இது நம்ம கொடி மாதிரியே இல்லியே. துவைச்சுத் துவைச்சு வெளுத்த மாதிரி இருக்கு." நான் சிரித்துவிட்டு, 'உனக்கு ஃபிலிம் லுக் தெரியாது அத்தை' என்றேன். ஒரு தெருவே காசு போட்டு வாங்கிய நீலத்தை, வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தின் சாயலுக்காக மங்கடித்தவன் நான். எதுவும் தெரியாதவர் அத்தையா, நானா?

அடுத்தது இந்த ஏக்கம். நாஸ்டால்ஜிக் நெகட்டிவ் என்ற அமைப்பு 1970களின் அமெரிக்கக் கலர் புகைப்படக் கலையின் சாயலில் செய்யப்பட்டது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. தேன் தடவியது போன்ற வெளிச்சம். எந்தத் தெருவைக் காட்டினாலும் 'அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது' என்று நெஞ்சு உருகும். யாருடைய அந்தக் காலம்? கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த நெருப்பின் சூடு ஆறாத காலம் அது. டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனிக் குவளை தொங்கிய காலம். அக்ரஹாரத்துத் திண்ணைக்கும் பண்ணை வீட்டு முற்றத்துக்கும் அந்த மஞ்சள் பொருந்தலாம். எங்கள் ஆயாவுக்கு அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூடக் கிடையாது. இல்லாத ஆல்பத்தின் மேல் என்ன ஏக்கம் வரும்?

இல்லை, எங்களைப் படமே எடுக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். எடுத்தார்கள். 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது ஆங்கில அரசு. சாதிவாரியாக, பழங்குடிவாரியாக ஆட்களை நிறுத்திவைத்து எடுத்த படங்கள். சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் போட்டார். மண்டையையும் மூக்கையும் அளந்து, படமும் எடுத்து வைத்தார். ஆக, நாம் புகைப்படத்துக்குள் முதலில் நுழைந்தது மனிதர்களாக அல்ல, மாதிரிகளாக. இதே மூக்கு அளவுகளைக் கையில் எடுத்துத்தான், பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வெவ்வேறு இனம் என்ற கதையை 1948இல் எழுதிய நூலில் அம்பேத்கர் உடைத்தார்.

ஆகவே, தலித் என்றால் கறுப்பு என்ற சமன்பாட்டை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சாதி தோலில் இல்லை. ஆனால் சாதிக்காரனின் வசவில் இரண்டும் சேர்ந்தே வருகிறது. வெளுத்த நடிகைக்குக் கருமை பூசிச் சேரிப் பெண்ணாக்கும் நம் சினிமாவிலும் சேர்ந்தே வருகிறது. கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணை நான்கு படி வெளுக்கச் சொல்லும் வீடுகளிலும் சேர்ந்தே வருகிறது. அப்படிப்பட்ட ஊரில் கேமரா பிடிப்பவனுக்குத் தோலின் நிறம் வெறும் டெக்னிக்கல் விஷயமாக இருக்க முடியாது.

இங்கே முற்போக்கு போட்டோகிராபர்களிடமும் ஒரு வார்த்தை. கல்யாணத்தில் முகத்தை வெளுக்கிறார்கள் என்று திட்டும் நாம், சேரிக்குள் போனதும் என்ன செய்கிறோம்? கருப்பு வெள்ளைக்கு மாற்றி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, சுருக்கங்களைச் செதுக்கி, 'மண்ணின் முகம்' என்று தலைப்புப் போடுகிறோம். அங்கே மாவு பூசுகிறார்கள், இங்கே கரி பூசுகிறோம். அந்தப் பாட்டி உடுத்தியிருந்த மஞ்சள் புடவை எங்கே போனது? அவர் தன் பேரனிடம் அந்தப் படத்தைக் காட்டிப் பெருமைப்படுவாரா? படத்தில் இருப்பவரே வீட்டில் மாட்ட விரும்பாத படத்துக்குக் கண்காட்சியில் பரிசு கிடைத்தால், அது யாருக்கான படம்?

சரி, ஃபிலிம் லுக்கையே தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். எனக்கும் அது பிடிக்கும். இப்போதும் அதே கேமராதான், அதே மெனுதான். வேலை செய்யும் முறையைத்தான் மாற்றிக்கொண்டேன். ஜேபெக்கோடு ரா ஃபைலும் கட்டாயம். ரா இருந்தால், எந்த ஃபிலிம் சாயல் வேண்டும் என்பதைப் படம் எடுத்த பிறகு கேமராவிலேயே மாற்றிக்கொள்ளலாம். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த மனிதர் நின்றால், சுவரைப் பார்த்துவிட்டு முகத்தை இருட்டாக்கிவிடும். அதனால் முகத்துக்குத்தான் அளவெடுக்கிறேன், தேவைப்பட்டால் ஒரு ஸ்டாப் வரை ஏற்றுகிறேன். அதே மீட்டர், கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் அதை வெளுத்தும் காட்டும். அப்போது இறக்குகிறேன். நிழல் அமைப்பை மைனஸ் ஒன்றிலோ இரண்டிலோ வைக்கிறேன். ஆட்களை எடுக்கும்போது அஸ்டியா அல்லது புரோ நெகட்டிவ் ஸ்டாண்டர்டு. வெள்ளை வேட்டி எரிந்துபோகாமல் இருக்க டைனமிக் ரேஞ்சை 200இலோ 400இலோ வைக்கிறேன். வெளுக்க வைப்பது வேறு, வெளிச்சம் கொடுப்பது வேறு. கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். அதற்குள் இருக்கும் நூறு நிறமும் தெரியட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழக்கம். எந்த விழாவுக்குப் போனாலும், அங்கே இருப்பவர்களில் மிகக் கறுத்தவரை முதலில் ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன். அவர் முகம் சரியாக வரும்வரை அமைப்பை மாற்றுகிறேன். அதன் பிறகுதான் மற்றவர்கள். எங்கள் தெருவின் ஷெர்லி கார்டு அவர்தான்.

'ஒரு கேமரா செட்டிங்குக்கு இவ்வளவு அரசியலா?' என்று யாராவது கேட்கக்கூடும். எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கூடத்தில் பெரியப்பா படம் மாட்டியிருக்கிறது. மாலைக்கு நடுவில், நேராக வெறித்துப் பார்க்கும், கொஞ்சம் கலங்கிய முகம். வாக்காளர் அட்டைக்காக வரிசையில் நிறுத்திவைத்து யாரோ எடுத்தது. அந்த யாரோ என் பெரியப்பாவின் முகத்துக்குக் கொடுத்த வெளிச்சத்தை, அவர் தோளில் தூக்கி வளர்த்த நான் கொடுக்கவில்லை.