"நம்மவர் வென்றார்" என்பதோடு நின்றுவிடலாமா?



2025 நவம்பர் 4 அன்று நடந்த நியூயார்க் மேயர் தேர்தலில் ஸொஹ்ரான் மம்தானி வென்ற செய்தி பரவியபோது, முசரவாக்கத்தில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் ஓடிவந்தான். "ஹஜ்ரத், நியூயார்க்ல நம்மாளு ஜெயிச்சுட்டாராம்!" அம்மாநகரின் முதல் முஸ்லிம் மேயர் என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும், "என்ன செய்வதாகச் சொல்லி அவர் வாக்குக் கேட்டார்?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. மகிழ்ந்த பெரியவர்கள் பலருக்கும் தெரியவில்லை.

வாடகைக் கட்டுப்பாட்டின் கீழுள்ள சுமார் 10 லட்சம் வீடுகளுக்கு வாடகை உயர்வை நிறுத்துவது, நகரப் பேருந்துகளில் கட்டணத்தை நீக்குவது, ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கு இலவசப் பராமரிப்பு. இவையே அவர் வைத்த முதன்மையான வாக்குறுதிகள். இவற்றில் ஒன்றேனும் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. 2021இல் டாக்ஸி ஓட்டுநர்களின் கடன் சுமையைக் குறைக்கக் கோரி அவர்களோடு 15 நாள் உண்ணாநோன்பு இருந்தபோதும் எவருடைய மதத்தையும் அவர் பார்க்கவில்லை. தம் மார்க்கத்தை மறைக்கவும் இல்லை.

இது நமக்குப் புதிய பாடமா? யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார்கள். ஏழாண்டு விளைச்சலைச் சேமித்து ஏழாண்டுப் பஞ்சத்தில் பகிர்ந்தளித்தார்கள். அந்தத் தானியத்தை உண்டவர்களில் பெரும்பாலோர் அவர்களின் மார்க்கத்தைச் சேர்ந்தோர் அல்லர். பதவி அமானிதம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

மம்தானியின் எல்லா நிலைப்பாடுகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. பேருந்துக் கட்டணமும் வரி உயர்வும் மாநில அரசின் கையில் இருப்பதால், அவர் வாக்குறுதிகள் நிறைவேறுமா என்பதும் இனிமேல்தான் தெரியும். நாம் கற்க வேண்டியது, அவர் யாருக்காகக் கேட்டார் என்பதையே.

நம் ஊருக்கு வருவோம். 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரம், 2022 பிப்ரவரியில் முதல் தேர்தலைக் கண்டது. இங்கு மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கின்றனர். எனவே வார்டில் கேட்கும் கேள்வியே நம் கையில் உள்ளது. வேட்பாளர் வரும்போது நாம் கேட்பவை என்ன? பள்ளிவாசல் தெருவுக்கு விளக்கு, மையவாடிக்குச் சுற்றுச்சுவர். இவை நம் உரிமைகள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் பக்கத்துத் தெரு நெசவாளரின் தறிக்குழியில் தண்ணீர் புகுந்து பிழைப்பு நின்றுபோகும்போது, வடிகால் கேட்டு அவரோடு மனுவில் கையெழுத்திட நம் ஜமாஅத்திலிருந்து எத்தனை பேர் செல்கிறோம்? அண்டை வீட்டாரின் உரிமையை நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியபோது முஸ்லிம் அண்டை வீட்டாரை மட்டும் குறிப்பிடவில்லையே.

வரும் உள்ளாட்சித் தேர்தலில், நம் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரி அண்டை வீட்டாருக்கானதாக இருக்கட்டும். அன்று நம்மில் ஒருவர் வேட்பாளராக நின்றால், "நம்மாளு" என்று ஊரே அவரைச் சொல்லும்.

அல்லாஹ் நமக்கு அதற்கான தவ்ஃபீக்கை அளிப்பானாக. ஆமீன்.