சாவி தேய்ந்த வண்டிக்கு 'டைரக்ட்' வேண்டாம்

ஆரணி, களம்பூர், சேத்துப்பட்டு வட்டாரங்களில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் சிறு விவசாயிகளில் பலர் பழைய பிக்-அப் வண்டி ஒன்றைத் தனியாகவோ, அண்ணன் தம்பி கூட்டாகவோ வாங்கி ஓட்டுகின்றனர். மூட்டைகள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும், உரம் வயலுக்கும் அதில்தான் போகின்றன. வயலில் வேலை இல்லாத நாட்களில் ஆரணி நெசவாளர்களுக்கு நூலும் பாவும் ஏற்றி வாடகை பார்ப்பவர்களும் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய இத்தகைய வண்டிகளில் எஞ்சின் நன்றாக இருக்கும்போதே மக்கர் செய்யத் தொடங்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் சாவி போடும் இக்னிஷன் சுவிட்சு.

சாவியைத் திருப்பினால் ஒரு முறை செல்ஃப் அடிக்கும், நான்கு முறை அடிக்காது. சாவியைச் சற்று ஆட்டிப் பிடித்தால் விளக்கு எரியும். இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது என்ன? சுவிட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு ஒயரை முறுக்கி ஒரு சாதாரணச் சுவிட்சும், செல்ஃபுக்கு ஓர் அழைப்பு மணிப் பொத்தானும் வைத்து 'டைரக்ட்' கொடுத்துவிடுகிறார்கள். செலவு குறைவு, வேலை அரை மணி நேரம். ஆனால் இது சிக்கனம் அல்ல.

பட்டு நெசவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, முடிச்சிட்ட பிறகே நாடாவை ஓட்டுவார். அறுந்த இழையை விட்டுவிட்டு நெய்தால் சேலை முழுவதும் பழுதாகும் என்பது அவருக்குத் தெரியும். வண்டி ஒயரிங்கும் அப்படித்தான்.

டைரக்ட் கொடுத்த ஒயர்களில் பல, பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமலே வருகின்றன. ஸ்டியரிங் தண்டின் இரும்பில் உரசி மேலுறை தேய்ந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். பின்னால் வைக்கோல் ஏற்றியிருந்தால் சொல்ல வேண்டியதில்லை. இரவு அந்தச் சுவிட்சை அணைக்க மறந்தால் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். இவை எல்லாவற்றையும் விட அஞ்ச வேண்டியது பொத்தான். சாவி இல்லாமலே செல்ஃப் அடிக்கும் வண்டி வாசலில் கியரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளையாட ஏறிய குழந்தை பொத்தானை அழுத்தினால் செல்ஃப் மோட்டாரின் விசையிலேயே வண்டி முன்னே பாயும். முன்னால் நிற்பவர் யாராகவும் இருக்கலாம். திருடனுக்கும் அதே பொத்தான் போதும். வண்டி திருட்டுப்போனால் காப்பீட்டு நிறுவனத்தார் அசல் சாவிகளைக் கேட்பது வழக்கம். டைரக்ட் வண்டிக்காரர் அப்போது என்ன பதில் சொல்வார்?

பழுதான சுவிட்சை அப்படியே விட்டு ஓட்டுவதும் ஆபத்துதான். பல டீசல் வண்டிகளில், சுவிட்சு வழியாக மின்சாரம் வந்துகொண்டிருந்தால்தான் எண்ணெயைத் திறந்து வைக்கும் சோலனாய்டு வேலை செய்யும். தேய்ந்த காண்டாக்ட் குலுங்கி விலகினால் ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும். ஜமுனாமரத்தூரிலிருந்து சாமையும் புளியும் ஏற்றி, ஜவ்வாது மலைப் பாதையில் போளூருக்கு இறங்கும் வண்டிக்கு இது நேர்ந்தால், பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்கம் சில மிதிகளுக்கு மேல் தாங்காது. பூட்டுப் பகுதி மிகவும் தேய்ந்து, ஓட்டத்திலேயே சாவி கழன்று விழும் வண்டிகளும் உண்டு. அவற்றில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் அபாயமும் சேர்கிறது.

இது மிகைப்படுத்திய அச்சம் என்று கருதுவோர் அமெரிக்காவில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் சாவிச் சுவிட்சின் பிடிப்பு தேவையான அளவு இல்லாததே. சாவிக்கொத்தின் பாரத்தாலும் குலுக்கலாலும் சாவி தானே திரும்பி, எஞ்சின் நின்று, காற்றுப்பையும் வேலை செய்யாமல் போயிற்று. அந்நிறுவனம் அமைத்த நட்ட ஈட்டு நிதியம் 124 மரணங்களுக்கு ஈடு வழங்கியது. புதுச் சுவிட்சு பொருத்தும் வரை சாவியில் வேறு எதையும் தொங்கவிட வேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. நம் பக்கத்திலோ வீட்டுச் சாவி, பம்ப்செட் அறைச் சாவி, பீரோ சாவி எல்லாம் வண்டிச் சாவியோடு ஒரே கொத்தில்! பழைய சுவிட்சு விரைவில் தேய்வதற்கு இந்தப் பாரமும் ஒரு காரணம். வண்டிச் சாவியைத் தனியே வைத்துக்கொள்ளக் காலணா செலவில்லை.

கோளாறு சுவிட்சில்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி ஓடாத நிலையில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் உப்பைத் தேய்த்துக் கழுவி, எர்த் ஒயரை இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அதன் பிறகும் அடிக்காவிட்டால், வண்டியை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக் போட்டு, செல்ஃப் மோட்டாரின் சிறிய ஒயர் முனையில் டெஸ்ட் லாம்ப் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். பளிச்சென்று எரிந்தும் மோட்டார் சுழலாவிட்டால் கோளாறு செல்ஃபிலோ, அதன் தடித்த கேபிளிலோதான். எரியாவிட்டால் சுவிட்சின் பின்புறம் பார்க்க வேண்டும். 30 என்ற முனையில் எப்போதும் மின்சாரம் இருக்கும். சாவியைத் திருப்பும்போது 50 என்ற முனைக்கு அது வராவிட்டால் காண்டாக்ட் தேய்ந்துவிட்டது என்று பொருள். அங்கே வந்தும் மோட்டாருக்குப் போய்ச் சேராவிட்டால் இடையிலுள்ள ஒயரையும் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும்.

சாவி திரும்பவே கடினமாக இருந்தால் அது பூட்டுப் பகுதியின் கோளாறு. பீரோவில் கிடக்கும் இரண்டாவது அசல் சாவியைப் போட்டுப் பார்க்கலாம். அது எளிதாகத் திரும்பினால் தேய்ந்தது சாவி மட்டுமே. தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். பூட்டுக்குள் எண்ணெய் விடுவது தவறு. நெல் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கிராபைட் தூள் சிறிது போதும்.

பல மாடல்களில் பூட்டு வேறு, பின்புறக் காண்டாக்ட் பகுதி வேறு. காண்டாக்ட் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டுமே மாற்றலாம். கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஒயரின் நிறத்தையும் முனையையும் தாளில் குறித்துக்கொள்வது நன்று. ஸ்டியரிங் பூட்டு, தலை முறிந்த போல்ட்டால் பிணைக்கப்பட்டிருந்தாலோ, வண்டியில் காற்றுப்பை இருந்தாலோ, அனுபவமுள்ளவரிடம் விட்டுவிட வேண்டும். மாற்றிய பின் சாவி ஸ்டார்ட் நிலையிலிருந்து தானே திரும்பி வருகிறதா என்று பார்ப்பது அவசியம். ஸ்பிரிங் சிக்கினால் செல்ஃப் ஓடிக்கொண்டேயிருந்து கருகிவிடும்.

புதுச் சுவிட்சு போடும்போதே ஒரு ரிலேயும் சேர்த்துக்கொள்வது அறிவுடைமை. செல்ஃப் சோலனாய்டு இழுக்கும் மின்சாரம் ஒரு கணம் 30 ஆம்பியரைத் தொடலாம். ரிலே இல்லாத பழைய வண்டிகளில் அவ்வளவும் சாவிச் சுவிட்சின் காண்டாக்ட் வழியாகவே போகிறது. அது கருகுவதில் வியப்பென்ன? 40 ஆம்பியர் ரிலேயின் 86-வது முனைக்குச் சுவிட்சின் ஸ்டார்ட் ஒயர், 85-க்கு எர்த், 30-க்குப் பேட்டரியிலிருந்து பியூசுடன் கூடிய ஒயர், 87-லிருந்து செல்ஃபின் சிறு முனை. இவ்வளவுதான் வேலை. பிறகு சுவிட்சின் வழியே போவது ஒரு ஆம்பியரில் சிறு பங்கே.

ஒயரிங் கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அறுவடை நேரத்தில், மழை மேகம் திரண்டு நிற்க, நடுவழியில் மூட்டையோடு நிற்கும் வண்டியை வீடு சேர்க்க ஒரு நாள் டைரக்ட் கொடுப்பதில் குற்றமில்லை. அந்த ஒரு நாள் மூன்று வருஷமாவதுதான் குற்றம். விரிவாக்கப் பணியின் பங்கும் இதில் இருக்கிறது. பம்ப்செட்டுக்கும் டிராக்டருக்கும் பராமரிப்புப் பயிற்சி நடக்கிறது. விளைபொருளைச் சந்தை சேர்க்கும் பிக்-அப் வண்டியை யாரும் பண்ணைக் கருவியாக நினைப்பதில்லை. பயிற்சிகளில் டெஸ்ட் லாம்ப் பிடிக்கவும் ரிலே பொருத்தவும் ஒரு நாள் ஒதுக்கினால், கிராமத்துக்கு இரண்டு இளைஞர்களாவது தேறுவார்கள். பெரிய செலவு பிடிக்கும் திட்டமன்று.

பழைய வண்டி வாங்கப் போவோர் எஞ்சின் சத்தத்தையும் டயரையும் பார்ப்பதோடு, ஸ்டியரிங்கின் கீழ் கையை விட்டும் பார்க்க வேண்டும். டேப் சுற்றிய ஒயர் தொங்கினாலோ, ஓடும் எஞ்சினில் சாவி கையோடு வந்தாலோ, சுவிட்சுக்கும் ஒயரிங்குக்கும் ஆகும் தொகையை விலையில் கழித்துக் கேட்கலாம். இரண்டு அசல் சாவிகளையும் வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.