காணொளியும் சாதகமும்

ஒடிசி நடனத்தை இளமையிலேயே பயின்று, இணையவழித் தேர்வுக்கு அனுப்பிய காணொளியினால் கவனம் பெற்று, ஸியோல் மாநகரில் பல மாதங்கள் கடும் பயிற்சி மேற்கொண்டு, 2022 மே மாதம் 'பிளாக்ஸ்வான்' குழுவில் சேர்ந்து, கொரிய பாப் சங்கீத உலகில் பிரவேசித்த முதல் இந்தியப் பெண்மணி என்னும் கீர்த்தியை அடைந்த ஒடிசாவின் ஸ்ரீயா லெங்காவின் சரித்திரம், சின்னமனூர் வீதிகளில் கைபேசி முன் ஆடிப்பாடும் நம் பிள்ளைகளுக்கு ஓர் உற்சாகமும் எச்சரிக்கையும் ஆகும்.

காணொளி வாயிலைத் திறக்கும்; உள்ளே நிலைபெறச் செய்வது சாதகமே. அருகிலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவும், தமையனார் பாவலர் வரதராசனின் கச்சேரிகளில் ஊர் ஊராய் வாசித்துப் பெற்ற அனுபவத்தோடு திருப்தியுறாமல், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீத சாஸ்திரத்தை முறையாகக் கற்ற பின்னரே, 1976இல் 'அன்னக்கிளி' மூலம் திரையுலகில் பிரசித்தி பெற்றார்.

அக்காலத்தில் வித்தையைத் தேடிச் சென்னைக்கே செல்ல வேண்டியிருந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கின் எந்தக் கிராமத்துக் குழந்தையும் உலகத்தின் கண்ணில் படலாம் என்னும்போது, அக்குழந்தைக்கு இசையும் நடனமும் கற்பிக்கும் ஆசிரியரை அரசுப் பள்ளிதோறும் நியமிப்பது அரசாங்கத்தின் கடமை. பார்வையாளர் தொகையை மட்டும் எண்ணி மகிழாமல், அன்றாடப் பயிற்சியைப் போற்றுவது பெற்றோரின் தர்மம்.