பழைய கொலு பொம்மையும் ஒரு சரக்குதான்



புரட்டாசி பிறந்தால் நம் கடைகளில் சுண்டலுக்குக் கொண்டைக்கடலையும் காராமணியும் போகும்; மஞ்சள், குங்குமம், பாக்கு போகும். கொலு வியாபாரம் நமக்கு அத்தோடு சரி என்று இருந்துவிடுகிறோம். புதுப் பொம்மை விற்பவர்கள் விற்கட்டும். நான் சொல்ல வந்தது பழைய பொம்மையைப் பற்றி.

ஒன்பது படி வைத்த வீடுகளில் இன்று மூன்று படிக்கே இடமில்லை. பிள்ளைகள் வெளியூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில். பரணில் கிடந்த செட்டியார் பொம்மை, கல்யாண செட், பாண்டு வாத்திய செட் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. காஞ்சிபுரத்திலும் பண்ருட்டியிலும் கைவேலையாகச் செய்த மண் பொம்மையின் முகக்களை இன்றைய பிளாஸ்டர் பொம்மையில் வருவதில்லை என்பது என் எண்ணம். அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் திருத்தணிக்கு இதில் ஒரு தனி வசதி. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் இது. தெலுங்குக் குடும்பங்கள் சங்கராந்திக்கும் 'பொம்மல கொலுவு' வைப்பதுண்டு. நவராத்திரியில் தங்கிய சரக்கு தையில் நகரி, புத்தூர் பக்கம் போகும். ஒரே முதலுக்கு இரண்டு பருவம்!

ஆனால் துடைத்து அடுக்கினால் மட்டும் விலை வராது. மேல்நாடுகளில் மேசைமேல் போர் விளையாட்டு ஆடுவோர், பழைய சிப்பாய் பொம்மைகளைக் கரைசலில் ஊறவைத்துப் பெயிண்டை உரித்து, மறுபடி பூசி விற்கிறார்கள். அவை உலோகமும் பிளாஸ்டிக்கும், தாங்கும். நம் பொம்மையைத் தண்ணீரில் போட்டால் காகிதக்கூழ் ஊறிவிடும், பிளாஸ்டர் பொதபொதக்கும், மண் பொம்மையின் வண்ணம் கரையும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பிறகு ஈரப் பஞ்சால் அடிப்பாகத்தில் ஒரு மூலையை மட்டும் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் வண்ணம் ஏறினால் ஈரமே ஆகாது. உடைந்த விரலுக்கும் மூக்குக்கும் எம்-சீல் போதும். இறுகும் முன்பே வடிவம் கொடுத்துவிட வேண்டும். ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் பக்கத்து வண்ணத்துக்கு ஒத்த வண்ணம் பூசுங்கள். சிலர் பொம்மை முழுக்கத் தங்க பெயிண்ட் அடித்துப் 'புதுசு' ஆக்குகிறார்கள். அதனால் பொம்மையின் மதிப்புதான் போகிறது.

பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அந்தத் தூள் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். மளிகை வைக்கும் இடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பெயிண்ட் தூள் பறக்கவிட்டு நாலு காசு சம்பாதிப்பதைவிடச் சும்மா இருக்கலாம்.

மரப்பாச்சிக்கு வண்ணமே கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். செம்மரத்தில் செய்தது என்றால், அந்த மரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. முன்பின் தெரியாதவர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். நூறு ஆண்டு தாண்டிய சுடுமண் சிற்பம் என்று யாராவது சொன்னாலும் ஒதுங்குங்கள். தொல்பொருள் வியாபாரத்துக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

சாமி பொம்மை மூளியாகியிருந்தால் என்ன செய்வது? ஒட்டி விற்கலாம் என்பார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாங்குபவர் பூசைக்கு வைக்கிறார். சொல்லி விற்றால் அவர் வாங்கமாட்டார். சொல்லாமல் விற்றால் அது வியாபாரம் அல்ல. மற்றப் பொம்மைகளிலும் ஒட்டுப்போட்டது எது என்று சீட்டு எழுதி வையுங்கள். விலை சற்றுக் குறையும், ஆனால் அடுத்த வருஷமும் அதே வீட்டார் வருவார்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. பழைய பொருளின் தன்மை மாறாத சிறு வேலை மட்டும் செய்து விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரி கட்டினால் போதும் என்கிறது விதி 32(5). வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்திருக்கக் கூடாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்ததும் வாங்க ஆரம்பித்தால் ஆவணி முழுவதும் ஒட்டவும் காயவைக்கவும் கிடைக்கும். ஐப்பசி மழைக்கு முன் மிச்சச் சரக்கைச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, தரையில் படாமல் பலகைமேல் ஏற்றிவிடுங்கள்.