கண்ணுக்குத் தெரியாத வேலி

வேலி என்றதும் நமக்குக் கிடுகு வேலியும் கதியால் வேலியும் மதிலுமே நினைவுக்கு வரும். எதுவாயினும் அது கண்ணாற் காணத்தக்கது. கம்பமோ கம்பியோ இன்றி நாயை வளவுக்குள் நிறுத்தும் வேலியொன்று அமெரிக்க நாட்டில் வழக்கில் உள்ளது என்றால் மாணவர்கள் வியப்படையக் கூடும்.

அந்நாட்டின் புறநகர்களிலே வீட்டு முன்றில்கள் பெரும்பாலும் புற்றரைகளாக ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கும். முன்புறத்தில் வேலி எழுப்புவதைத் தடை செய்யும் குடியிருப்புச் சங்கங்களும் உண்டு. நாயோ எல்லை அறியாதது. தெருவிலே மோட்டார் வண்டிகள் விரைகின்றன. இந்த இடர் தீர, றிச்சட் பெக் என்னும் அமெரிக்கர் 1973ஆம் ஆண்டில் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். வளவைச் சுற்றி நிலத்தின் கீழே புதைத்த கம்பியில் வானொலிச் சமிக்கை செல்லும். நாயின் கழுத்துப்பட்டியிலுள்ள சிறு கருவி அதனை உணரும். பின்னர் அக்கம்பியும் வேண்டாததாயிற்று. வீட்டினுள் வைத்த பெட்டியொன்று நாற்புறமும் அலையைப் பரப்ப, அலை வலி குன்றும் இடமே எல்லையாகின்றது. எல்லையை அணுகும் நாய்க்கு முதலில் ஓர் ஒலி கேட்கும். அதனையும் பொருட்படுத்தாது சென்றால் கழுத்திலே மின் அதிர்ச்சி தாக்கும்.

இத்தகைய பெட்டிகளுள் ஒன்றின் வீச்சு 90 அடி ஆரையுள்ள வட்டம். நமது கணக்கில் ஒன்பது பரப்புக்குச் சற்றுக் கூடிய நிலம்; பிள்ளைகள் கணித்துப் பார்க்கலாம். ஆனால் வளவுகள் வட்டமாக அமைவதில்லை. மூலைகள் வெளியே நிற்கும். மேடு பள்ளமும் உலோகத் தகடுகளும் அலையைத் திரித்துவிடும்.

உண்மையில் இவ்வேலி நிலத்தில் இல்லை, நாயின் நினைவில் உள்ளது. உருசிய அறிஞர் பவ்லோவ் நாய்களை ஆராய்ந்து, உணவுக்கு முன் தவறாது வரும் அடையாளம் ஒன்றே அவற்றின் வாயில் நீரூறச் செய்யும் என்று காட்டினார். இங்கே உணவின் இடத்தில் வலி நிற்கின்றது. எல்லையிலே சிறு கொடிகளை நட்டு, நாயைக் கயிற்றிற் பிடித்து, நாள்தோறும் சிறிது நேரமாக இரண்டு கிழமையளவு பழக்க வேண்டும். பெட்டியை வாங்கி மின்சாரத்தில் மாட்டியதோடு வேலை முடிந்ததென எண்ணுவோரே பலர். அவர்களுடைய நாய் எதற்காகத் தனக்கு வலிக்கின்றது என்பதையே அறியாது.

பழகிய நாயும் அணிலைக் கண்டு பாய்ந்தால் ஒரு கணத்து வலியைத் தாங்கி வெளியேறிவிடும். திரும்பி வருகையில் அதே வலி எதிர்நிற்க, அணிலின் ஆசையோ அப்போது இல்லை. நாய் வெளியிலேயே நின்றுவிடும். அன்றியும் அயல் நாய் உள்ளே வந்து கடித்தால் இவ்வேலி தடுக்காது. பொட்டு விழுந்த கிடுகு வேலியும் அவ்வளவுக்கேனும் உதவும்! தெருவாற் செல்லும் குழந்தையை நோக்கி வாலாட்டி ஓடும் நாய் எல்லையில் வலியை உணர்ந்தால், அவ்வலி குழந்தையால் வந்ததென்று கொள்ளவும் கூடும். இதுவே யான் மிக அஞ்சுவது.

வண்டியில் அடிபட்டுச் சாவதிலும், நாள் முழுதும் சங்கிலியிற் கிடப்பதிலும் இது மேல் என்பர் இதனை ஆதரிப்போர். அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் வேல்ஸ் நாடு 2010ஆம் ஆண்டில் மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டிகளை எல்லை வேலிக்கு உரியவை உட்பட முற்றாகத் தடை செய்தது. உற்பத்தியாளர் நீதிமன்றம் சென்றும் தடை நீங்கவில்லை.

கடல் கடந்து வாழும் நம்மவர் இதனைப் பயன்படுத்துவாராயின், அதிர்ச்சியை நிறுத்தி ஒலியையோ அதிர்வையோ மட்டும் தரும் வகைகளும் உள்ளன என்பதை அறிதல் நன்று. பட்டியின் உலோக முனைகள் தோலில் அழுந்தியிருப்பதால் நெடுநேரம் அணிவித்தால் புண் உண்டாகும். இரவில் அதனைக் கழற்றி, கழுத்து மயிரை விலக்கித் தோலைப் பார்த்தல் வேண்டும்.